ஊர் கொடுத்த நான்கு காசு

நயாபைசா புழக்கத்துக்கு வந்த புதிதில், ஒரு பள்ளிப் பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்குப் போட்டார்கள். அதில் 6 காசு அரசாங்கம் கொடுக்கும். மீதி 4 காசை ஊர் கொடுக்க வேண்டும். காமராஜர் காலத்து மதிய உணவைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் அந்த 6 காசைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எழுத வேண்டியதுதான். கரிசல் காட்டு ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த 4 காசின் மேல்தான் கண். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் பக்கத்துப் புஞ்சைக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் முழுவதும் அந்த 4 காசில்தான் இருந்தது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பள்ளியில் சோறு போடும் பழக்கம் நம் மாநிலத்தில் பட்டணத்தில்தான் பிறந்தது. 1920-இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் அது போனது. பிள்ளைகளின் வருகை கூடியது. ஆனால் கல்விக்கென்று ஒதுக்கிய பணத்தைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் தடை சொன்னதால் 1925-இல் நின்றுபோனது. கல்வி வேறு, வயிறு வேறு என்று பார்த்த அந்தக் கணக்கப்பிள்ளைப் புத்தி ஒழிய இன்னும் 30 ஆண்டுகள் ஆயின.

சோறு பட்டணத்தில் தொடங்கியது என்றால், தோட்டம் காந்தியோடு வந்தது. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டுக்குப் பிறகு ஆதாரக் கல்வி என்ற பேச்சு எழுந்தது. கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களைச் சொல்லித் தருவது அதன் அடிப்படை. நூற்பு ஒரு தொழில், வேளாண்மை இன்னொன்று. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் இதை ஊன்றி நடத்தினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அவர் வளர்த்த ராமகிருஷ்ண வித்தியாலயம் அதற்கு உதாரணமாக இருந்தது. ஆதாரப் பயிற்சிப் பள்ளிகளில் தேறிய வாத்தியார்கள் ஒரு கையில் தக்ளியும் இன்னொரு கையில் களைக்கொத்தியுமாகக் கிராமங்களுக்கு வந்தார்கள்.

எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர் அப்படி வந்தவர்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கணக்குப் பாடம் பாத்திக்குப் போய்விடும். நான்கு முழம் நீளம், இரண்டு முழம் அகலத்துக்குக் கயிறு பிடிப்போம். பரப்பளவு என்ன என்று கேட்பார். சொன்னவனுக்குத்தான் விதை தூவும் உரிமை. கீரை விதை கடுகைவிடச் சிறிது. அப்படியே தூவினால் ஓர் இடத்தில் குவியும், ஓர் இடத்தில் வழுக்கையாகிவிடும். ஓடை மணலை அள்ளி விதையோடு கலந்து, கையை வீசித் தூவச் சொல்வார். எறும்பு இழுத்துப் போகாமல் இருக்கப் பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைப் போடுவோம். மூன்றாம் நாள் காலையில் சிவப்பும் பச்சையுமாக நூல் முளை தெரியும். அதைப் பார்க்கவே மணி அடிக்கும் முன்னால் ஓடி வந்த கூட்டம் நாங்கள்.

இதில் ஒரு முள்ளும் இருந்தது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டப்படி, கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேளை மட்டுமே படிப்பு. மறுவேளை அப்பன் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் தெருவில் இறங்கினார்கள். 1954-இல் முதலமைச்சராக வந்த காமராஜர் அதைக் கைவிட்டார். சரியான முடிவு. ஆனால் அந்தச் சண்டையின் புழுதி பள்ளித் தோட்டத்தின் மேலும் படிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மண்வெட்டியைக் கண்டாலே, பிள்ளையைப் பழைய இடத்துக்குத் தள்ளப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தது. பல ஊர்களில் அந்தச் சந்தேகத்துக்கு நியாயமும் இருந்தது. தோட்டம் போடு என்றால் யார் வீட்டுப் பிள்ளை மண் சுமந்தது, யார் வீட்டுப் பிள்ளை நிழலில் நின்று பூச்செடிக்குத் தண்ணீர் தெளித்தது என்று கேட்டால் ஊரின் சாதிப் படிக்கட்டு அப்படியே தெரியும்.

காமராஜர் வழி வேறு. பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் பசி என்றால் முதலில் சோறு. 1956-இல் எங்கள் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். பாரதி பிறந்த ஊர் என்பதால் எல்லாரும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். கரிசலில் மழை பொய்த்த வருடத்தில் வீட்டுத் தானியக் குலுக்கை என்ன சத்தம் போடும் என்று தெரிந்தவர்கள் இதைத் தவிர வேறு பொருத்தமான இடம் இல்லை என்பார்கள். இந்தத் திட்டத்தைக் கட்டி எழுப்பிய அதிகாரி, பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். அரசாங்கப் பணம் வரட்டும் என்று காத்திராமல் ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேட்டு வாங்கியவர். 1958 முதல் அவர் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் கடிகாரமும் நிலமும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த 4 காசு எங்கள் ஊரில் காசாக வந்ததே குறைவு. தானியமாகத்தான் வந்தது. மாசியில் கம்பும் சோளமும் களத்துக்கு வரும்போது, கோயிலுக்கு அளப்பதுபோலப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு மரக்கால் அளந்து போடுவார்கள். சிலர் தட்டாம்பயறு, சிலர் கானப்பயறு. வெங்காயம் போட்டவர் கூடையில் கொடுப்பார். கொடுக்க நிலம் இல்லாதவர்கள் வேலிக்கருவை விறகு வெட்டிப் போட்டார்கள். என் அம்மா உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து அடுப்படிக் கலயத்தில் போடுவாள். கலயம் நிறைந்தால் நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். ஆகவே அன்றைக்குத் தட்டில் விழுந்த குழம்புப் பயறு எந்தக் காட்டில் காய்த்தது என்று எங்களுக்குத் தெரியும். ‘ஏலே, இன்னைக்கு உங்க காட்டுப் பயறுலே’ என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னால் அப்படி ஒரு கௌரவம்.

இதைப் பொற்காலம் என்று பாட வரவில்லை. மழை பெய்தால் மரக்கால், பெய்யாவிட்டால் பட்டினி. ஊர் வாழ்ந்தால் பிள்ளை சாப்பிடும், ஊர் காய்ந்தால் பிள்ளையும் காயும். எப்போது சோறு ரொம்பத் தேவையோ அப்போதுதான் ஊரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. அதோடு, கொடுப்பவர் கைக்கு ஒரு மிதப்பும் உண்டு. கொடுத்த வீட்டுப் பிள்ளை வரிசையில் முன்னால் உட்காரும். சில வீடுகள் தானியம் கொடுத்தன, தங்கள் பிள்ளையை மட்டும் மற்றப் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார விடாமல் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டன.

1961-இல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வந்தது. அமெரிக்காவின் உபரித் தானியமும் பால் பவுடரும் எண்ணெயும் கப்பலேறி, தூத்துக்குடிச் சீமையின் மூலை முடுக்குவரை வந்து சேர்ந்தன. மக்காச்சோள ரவையில் மஞ்சள் உப்புமா. அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. பால் பவுடரைக் கரைத்துக் குடித்தது பாதி, உள்ளங்கையில் வாங்கி நக்கித் தின்றது பாதி. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட பவுடரை நாக்கால் நெம்பிக்கொண்டே வாய்ப்பாடு சொன்ன தலைமுறை எங்களுடையது. கைகுலுக்கும் படம் போட்ட எண்ணெய் டின்கள் காலியானதும் ஊருக்குள் தண்ணீர் வாளியாகச் சுற்றின. அந்தப் படத்தில் குலுக்கும் கைகள் யாருடையவை என்று எங்களுக்குத் தெரியாது. பயறு கொடுத்தவர் யாரென்று தெரிந்த தட்டில், யாரென்றே தெரியாதவர் கொடுத்த உப்புமா விழுந்தது. பசி தீர்ந்தது, அதை மறுக்க முடியாது. 60-களின் பஞ்சத்தில் அது இல்லாவிட்டால் எங்களில் பலர் படிப்பை விட்டிருப்போம். களத்தில் பள்ளிக்கூட மரக்கால் அளப்பது மட்டும் மெல்ல மறந்துபோனது.

1982 ஜூலை 1 அன்று, திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம். ஜி. ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். சின்ன வயதில் கும்பகோணத்தில் தான் பட்ட பசியைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். இது முந்தையதன் தொடர்ச்சி போலத் தெரிந்தாலும் அடிப்படையே வேறு. ஊரிடம் கேட்பது நின்றது. முழுச் செலவும் அரசாங்கத்துடையது. முதலில் கிராமங்களில் 2 முதல் 9 வயது வரை, அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-இல் 15 வயது வரைக்கும் விரிந்தது. வெறும் உதவியாக இருந்த சோறு, பிள்ளையின் பாத்தியதையாக மாறியது அப்போதுதான். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மையத்துக்கு மூன்று வேலைகள் உண்டாயின. கணவனை இழந்த பெண்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் அதில் முன்னுரிமை. எங்கள் பள்ளி அமைப்பாளர் அம்மா அப்படி வந்தவர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலைநிமிர்ந்து பேசமாட்டார். ஓய்வு பெறும்போது ஊராட்சித் தலைவரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்.

அரிசியும் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகக் கிட்டங்கியிலிருந்து வந்தன. காய்கறிக்கும் விறகுக்கும் தாளிதத்துக்கும் மட்டும் தலைக்கு இவ்வளவு காசு என்று கையில் கொடுத்தார்கள். அந்தச் சில்லறைதான் ஊரோடு மிச்சமிருந்த ஒரே தொடர்பு. அதுவும் சந்தைக்குப் போய்விட்டது. காசு கைக்கு வரத் தாமதமாகும். கடனுக்குக் கொடுப்பவர் சந்தைக் கடைக்காரர்தான், பக்கத்துக் காட்டுக்காரர் இல்லை. விலை ஏறினால் சாம்பாரில் காய் ஒளிந்துகொள்ளும். பூசணி, கத்திரி, முள்ளங்கி என்று எது மலிவோ அதுதான் அந்த வாரம் முழுவதும்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் பள்ளியில் மறுபடி தோட்டம் போட்டோம். இடம் பெரிதில்லை. பிள்ளைகள் தட்டுக் கழுவும் தண்ணீர் வாய்க்காலாக ஓடிச் சுவரோரம் தேங்கும். கொசுவுக்குத்தான் லாபம். அந்தத் தண்ணீரை இரண்டு பப்பாளிக்கும் ஒரு வரிசை முருங்கைக்கும் திருப்பிவிட்டோம். நல்ல தண்ணீர் கிடைத்த மாதங்களில் சீனியவரையும் தண்டுக்கீரையும். வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு தாய் இடுப்பில் கைவைத்து வந்து நின்றார்.

‘மம்பட்டி பிடிக்கதுக்கா சார் பிள்ளைய அனுப்புதோம்? அதத்தான வீட்டுல பரம்பர பரம்பரையாச் செய்தோம்?’

அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒரு விதிதான் இருந்தது. எல்லாப் பிள்ளையும் எல்லா வேலையும் சுற்று முறையில் செய்ய வேண்டும். வாத்தியார் பிள்ளை எரு அள்ள வேண்டும், எரு அள்ளுகிறவர் பிள்ளை குறிப்பேட்டில் எழுத வேண்டும். என்ன விதை, எந்தத் தேதி, எத்தனை நாளில் முளைத்தது, எத்தனை கிலோ பறித்தது எல்லாம் குறிப்பேட்டில் இருக்கும். அந்தத் தாயின் மகள்தான் இரண்டாம் பருவத்தில் கணக்கு எழுதினாள். பிறகு அவரே ஒருநாள் சுரைக்காய் விதை முடிந்துகொண்டு வந்து கொடுத்தார்.

கார்த்திகை மழைக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அதலைக்காய் தானாகவே கொடி ஓடும். யாரும் விதைப்பதில்லை, மண்ணுக்குள் கிழங்கு கிடந்து ஈரம் கண்டதும் எழும். கட்டைவிரல் அளவு காய், கசக்கும். ஒருநாள் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பை நிறையப் பறித்துக்கொண்டு வந்துவிட்டான். சமையலர் அம்மா இரண்டு நுனியையும் கிள்ளி, எண்ணெயில் சுருள வதக்கிப் புளிக்குழம்பில் போட்டார். பாதிப் பிள்ளைகள் ஒதுக்கினார்கள். பறித்து வந்தவன் மட்டும் இரண்டாம் முறை வாங்கினான். அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து இன்னொருத்தி. ‘கசப்பு இரும்புச்சத்து’ என்றெல்லாம் நான் பாடம் நடத்தியிருந்தால் ஒரு காய்கூட இறங்கியிருக்காது. தான் பறித்ததைப் பிள்ளை தின்னும். எந்தச் சத்துணவு அட்டவணையிலும் எழுதாத விதி அது.

முட்டையின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-இல் வாரத்துக்கு ஐந்து முட்டை என்று ஆனது. என் அனுபவத்தில் பிள்ளைகளின் முகத்தை மாற்றியது எதுவென்று கேட்டால் தயங்காமல் முட்டை என்பேன். முட்டை நாள் அன்று வருகைப் பதிவேடு நிறைந்திருக்கும். அந்த முட்டை நாமக்கல்லிலிருந்து வருகிறது. திருட்டுப் போகாமல் இருக்க அதன் மேல் முத்திரைகூடக் குத்தினார்கள். நாமக்கல் கோழிக்குத் தீவனம் எது? மக்காச்சோளம். எங்கே விளைகிறது? விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிக் கரிசலிலும்தான். 60-களில் அமெரிக்க மக்காச்சோளத்தைத் தின்ற பிள்ளைகளின் காட்டில் இன்றைக்குக் கம்பும் குதிரைவாலியும் சுருங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம் நிற்கிறது. அது லாரியேறிப் போய் முட்டையாகத் திரும்பி வருகிறது. நட்டமில்லை. ஆனால் 2018-இல் படைப்புழு விழுந்து எங்கள் காடுகள் நாசமானபோது, பள்ளிக்கூடச் சாப்பாட்டில் ஒரு பருக்கைகூடக் குறையவில்லை. ஊர் காய்ந்தாலும் பிள்ளை சாப்பிட்டது. 1956-இன் குறை தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. ஊர் காய்ந்த சேதி தட்டுக்கே தெரியவில்லை என்பதும் அதோடு சேர்ந்த உண்மை.

2001-இல் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவை நாடு முழுவதும் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. நாம் அதை எப்போதோ செய்துவிட்டிருந்தோம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது, அடுத்த ஆண்டு மாநிலம் முழுவதற்கும் போனது. பள்ளிகளில் சத்துத் தோட்டம் போடச் சொல்லி 2019-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்தது. தோட்டம் நல்லதுதான். ஆனால் தோட்டத்தால் சோறு போட முடியாது. மே மாதம் முழுக்கப் பள்ளிக்கு விடுமுறை. யார் தண்ணீர் ஊற்றுவது? தோட்டம் பாடம், அவ்வளவுதான். தட்டை நிரப்ப வேண்டியது பக்கத்துக் காடு.

கணக்கைப் பாருங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு மதியத்துக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி என்பது மத்திய அரசின் அளவு. 60 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு நாளொன்றுக்கு 3 கிலோ காய். ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்தால் 600 கிலோ. கிணற்றுப் பாசனம் உள்ள ஒருவர் பத்துப் பதினைந்து சென்டில் மாற்றி மாற்றிக் கத்திரி, வெண்டை, சீனியவரை, கீரை போட்டால் அந்தப் பள்ளியின் தேவை தீர்ந்துவிடும். ஒரே வேண்டுதல், விலை முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும், பணம் மாதம் தவறாமல் கைக்கு வர வேண்டும். பிரேசில் நாட்டில் 2009-இல் இதற்குச் சட்டமே போட்டார்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குக் குடும்ப விவசாயிகளிடம்தான் வாங்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அவர்களால் முடியும் என்றால், பள்ளியில் சோறு போடுவதில் நூறு வருட அனுபவம் உள்ள நமக்கு ஏன் முடியாது?

அன்றைக்கு விவசாயியிடம் 4 காசைக் கேட்டு வாங்கினோம். இன்றைக்கு அவரிடம் கேட்க வேண்டியதில்லை, அவருக்குக் கொடுக்க வேண்டும். அரிசியும் பருப்பும் முட்டையும் கிட்டங்கியிலிருந்தே வரட்டும், அதில் கை வைக்க வேண்டாம். மழையை நம்பிப் பிள்ளையின் வயிற்றை விடக் கூடாது என்பது 1982 சொன்ன பாடம். காயும் கீரையும், கரிசலில் கம்பும், தருமபுரியில் கேழ்வரகும், கொல்லிமலையில் சாமையும் அந்தந்த ஊரிலேயே வாங்கட்டும். வாங்கும் பொறுப்பை அமைப்பாளருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் கொடுத்து, பணத்தை முன்பணமாகவே கொடுக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை அந்தக் காட்டுக்கு அழைத்துப் போகட்டும். வேலை வாங்க அல்ல, பார்க்க.

இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளை படித்தாலும் படிக்காவிட்டாலும், அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். இந்த வாரம் சாம்பாரில் என்ன காய், எங்கே வாங்கியது, யாருக்குக் காசு போனது என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் உங்கள் ஊர்ப் பெயராக இல்லையென்றால், யாரிடம் வாங்கலாம் என்று அங்கேயே ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வாருங்கள்.